தேயிலை ஸ்டோர் வாசல்ல நூல் கட்டி வீல் எலைன்மன்ட் பாத்த கதை

2024 சித்திரை வருசப் பொறப்புக்கு முந்தின கிழமை போட்ட முன் டயர் ரெண்டும் தீபாவளிக்குள்ள உள்பக்கம் கம்பி தெரியிற நிலைமைக்கு வந்திருச்சு. வெளியில இருந்து பாத்தா ஒன்னுமே தெரியாது, வெட்டெல்லாம் புதுசு மாதிரி அப்படியே நிக்குது, ஸ்டியரிங்க முழுசா ஒடிச்சு வச்சுட்டு வண்டியக் கழுவப் போனப்பதான் கண்ணுல பட்டுச்சு. டயர் உள்ளோரம் மொட்டையா, நடுவுல இருந்து வெளிய போகப்போக நல்லா, ஒரு கத்தியால சாய்ச்சு சீவின மாதிரி.

வண்டி மாருதி அல்டோ 800, பழசுதான். ஓட்டுறது எங்க வீட்டம்மா, அவங்க டீச்சர், இலங்கை மலையகத்துல நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் நடுவுல உள்ள எங்க தேயிலைத் தோட்டத்துல இருந்து ஹட்டன் பக்கம் ஸ்கூலுக்குப் போக வர நாளைக்கு 38 கிலோமீட்டர். நான் தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர், வண்டிக்கு என் பங்கு எண்ணெய் பாக்குறது, காத்துப் பாக்குறது, கராஜுக்குக் கொண்டு போறது. ரெண்டு மாசமா அவங்க சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க, "ஏங்க, ஸ்டியரிங் அலையுதுங்க, கையை எடுத்தா எந்தப் பக்கம் போகும்னு தெரியல"ன்னு. நான் ரோடு அப்படி, மழைக்குப் பொறவு எல்லா வண்டியும் அப்படித்தான்னு சொல்லி சமாளிச்சேன். அந்த ரெண்டு மாச சோம்பேறித்தனத்துக்கு ரெண்டு டயர் விலை.

இதுல எரிச்சல் என்னன்னா டயர் போட்ட அன்னைக்கே டவுன்ல ஒரு கடையில எலைன்மன்ட்டும் பாத்திருந்தேன். ஸ்கிரீன்ல சிவப்பு எல்லாம் பச்சையா மாறுச்சு, பிரின்ட் எடுத்து கையில குடுத்தாங்க, நானும் அதை மடிச்சு டேஷ்போர்ட் பெட்டியில பத்திரமா வச்சிருந்தேன். பச்சைன்னா சரின்னு நம்புற ஆளு நான்.

திரும்ப அந்தக் கடைக்கே போயி சண்டை போடலாம்னுதான் முதல்ல நெனச்சேன். ஆறு மாசம் கழிச்சுப் போனா "சேர், குழியில விழுந்திருக்கும்"னு சொல்வாங்க, அதுவும் உண்மையாவே இருக்கலாம், நம்ம ரோடு அப்படி. வேற கடைக்குப் போயி இன்னொரு பச்சைப் பேப்பர் வாங்கினா மட்டும் அது சரியான்னு எனக்கு எப்படித் தெரியும்? அதை யோசிச்சப்பதான் நானே அளந்து பாக்கணும்னு பிடிவாதம் வந்துச்சு. திருத்துறேனோ இல்லையோ, அளக்கவாவது தெரிஞ்சிருக்கணும்.

முதல்ல கொஞ்சம் விளக்கம், தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. எலைன்மன்ட்ல மூணு சங்கதி. டோங்குறது நாம நிக்கும்போது பாதம் ரெண்டும் பாக்குற திசை மாதிரி: முன் வீல் ரெண்டும் உள்பக்கம் பாத்தா டோ இன், வாத்து மாதிரி வெளிப்பக்கம் பாத்தா டோ அவுட். கெம்பர்ங்குறது முன்னால நின்னு பாக்கும்போது வீல் மேல்பக்கம் உள்ள சாஞ்சிருக்கா வெளிய சாஞ்சிருக்காங்குறது, முட்டி உரசுற காலும் வில்லு மாதிரி வளைஞ்ச காலும் மாதிரி. காஸ்டர், பைசிக்கிள் முன் போர்க் பின்னால சாஞ்சிருக்கிற சாய்வு, ஸ்டியரிங் தானா நடுவுக்குத் திரும்பி வர்றது அதாலதான். என் வண்டி மாதிரி முன்னால ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்னா சேந்த தூண், போட்ட சின்ன கார்கள்ல பெரும்பாலும் திருப்பி சரி பண்ணக்கூடியது டோ மட்டும்தான், மத்தது ரெண்டும் கம்பெனி வச்ச இடத்துல இருக்கும், மாறுச்சுன்னா ஏதோ வளைஞ்சிருக்கு இல்ல தேஞ்சிருக்குன்னு அர்த்தம். டயரை சீக்கிரமா தின்றதுலயும் டோதான் முதல் ஆள்.

எவ்வளவு தின்னும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன், ஆபீஸ்ல செக்ரோல், அதாவது ஆளுங்க சம்பளக் கணக்கு, போடுற கை சும்மா இருக்காதே. எங்க டயர் 145/80 ஆர்12, அதோட மொத்த உயரம் 537 மில்லிமீட்டர் கிட்ட வரும். ரெண்டு வீலுக்கும் சேத்து 6 மில்லிமீட்டர் டோ அவுட்னு வச்சா ஒரு வீலுக்கு 3. அப்ப ஒரு கிலோமீட்டர் ஓடும்போது அந்த டயர் நேரா போகப் பாக்குற திசைக்கும் வண்டி இழுத்துக்கிட்டுப் போற திசைக்கும் வித்தியாசம் ஐஞ்சரை மீட்டருக்கு மேல. நாங்க அந்த டயர்ல ஓடினது ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர், கணக்குப்படி பாத்தா 39 கிலோமீட்டர் டயரைப் பக்கவாட்டுல ரோட்டுல தேச்சு இழுத்திருக்கோம். ரப்பர் வளைஞ்சு குடுக்கும், அத்தனையும் தேய்மானமா வராதுதான், ஆனாலும் வீட்டம்மாகிட்ட இந்தக் கணக்கைச் சொன்னப்ப அவங்க என்னையப் பாத்த பார்வை இருக்கே, வேணாம்.

சரி அளக்கலாம்னு இறங்கினா முதல் பிரச்சினை டேப்பும் இல்ல ஸ்பேனரும் இல்ல, மட்டமான இடம். வீட்டுல எலைன்மன்ட் பாக்குறதைப் பத்தி எங்க கேட்டாலும் சமதளமான இடத்துல வண்டிய நிறுத்துங்கன்னு ரொம்ப லேசா சொல்லிட்டுப் போயிருவாங்க. மலையில எங்க இருக்கு சமதளம்? குவாட்டர்ஸ் வாசல் சரிவு, ஆளுங்க குடியிருக்கிற லயத்து முன்னுக்கு படிக்கட்டு, கோயில் முன்னால கொஞ்சம் மட்டம் இருக்கு ஆனா கல்லு பதிச்சது, காலையில ஆளுங்க வேலைக்குக் கூடுற பிரட்டுக் களம் பாக்க மட்டம் மாதிரி இருக்கும் தண்ணி ஊத்தினா ஓடுற வேகத்துலதான் உண்மை தெரியும். ஸ்கூல் கிரவுண்ட் புல்லு. கடைசியில கிடைச்சது ஸ்டோர், அதாவது எங்க ஊர்ல தேயிலை பெக்டரிய அப்படித்தான் சொல்லுவோம், அங்க லொறியில தூள் மூட்டை ஏத்துற இடத்துல சிமென்ட் தரை. பெக்டரி ஐயாகிட்ட கேட்டு ஞாயித்துக்கிழமை பின்னேரம் வாங்கினேன்.

அந்த இடத்தோட சேத்து கிடைச்ச பெரிய அதிர்ஷ்டம் ஸ்டோர் பிட்டர் மாமா. வயசு அறுபது தாண்டிருச்சு, பென்சன் எடுத்துட்டும் ஏதாவது உடைஞ்சா அவரைத்தான் கூப்பிடுவாங்க. பழைய காலத்து லைன் ஷாப்ட், பெல்ட்டு, புல்லி எல்லாம் நூலும் தூக்குக் குண்டும் வச்சே நேர் பிடிச்ச ஆளு. நான் டேப்போட நின்னதைப் பாத்துட்டு சிரிச்சாரு.

"என்னா தம்பி, காருக்கு சட்டை தைக்கப் போறீங்களா?"

விசயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வண்டியச் சுத்தி வந்தாரு, முன் டயர்ல கையை வச்சு குறுக்கா ஒருக்கா உள்ள இருந்து வெளிய, ஒருக்கா வெளிய இருந்து உள்ள தடவினாரு. "நீங்களும் தடவிப் பாருங்க"ன்னாரு. ஒரு பக்கமா தடவினா வழுவழுன்னு போகுது, மறுபக்கமா தடவினா அரத்துல கையை வச்ச மாதிரி கடிக்குது. இது ரொம்ப நல்ல சோதனை, காசு செலவே இல்லை, எல்லாரும் மாசத்துக்கு ஒருக்கா செஞ்சு பாக்கலாம். இப்படி அரம் மாதிரி இருந்தா டோ பிழை. வெளியோரம் ரெண்டு டயர்லயும் கொஞ்சம் உருண்டையா தேஞ்சிருந்தா அது வேற, நம்ம பக்கம் வளைவுக்கு வளைவு ஒடிச்சு ஓடினா அது வரத்தான் செய்யும். ரெண்டு ஓரமும் தேஞ்சு நடு நல்லா இருந்தா காத்துக் குறைவு.

தரை மட்டமான்னு பாக்க அவர் ஸ்பிரிட் லெவல் எடுக்கல, மேசன்மார் பாவிக்கிற மாதிரி ஒரு நீள வெள்ளை டியூப்ல தண்ணி ஊத்தினாரு. நாலு டயர் நிக்கிற நாலு இடத்துலயும் தண்ணி உயரம் அளந்தா முன் இடது பக்கம் 9 மில்லிமீட்டர் இறக்கம். கண்ணுக்கு சுத்தமா தெரியாது. பழைய தரை ஓடு துண்டு ஒன்னும் ரெண்டு ஹார்ட்போர்ட்டும் வச்சு சரி பண்ணினோம். டோ மட்டும் பாக்குறதுன்னா இந்த அளவு இறக்கம் பெரிசா பாதிக்காதுன்னு பிறகு விளங்குச்சு, கெம்பர் பாக்குறதா இருந்தா கட்டாயம் வேணும். ஆனா அன்னைக்கு அரை மணித்தியாலம் அதுக்கே போயிருச்சு.

அடுத்தது முன் டயருக்கு அடியில வழுக்குற மாதிரி ஏதாவது வேணும், இல்லாட்டி திருப்பும்போது டயர் தரையில ஒட்டிக்கிட்டு உண்மையான அளவைக் காட்டாது. கடையில அதுக்கு சுத்துற தட்டு இருக்கு. நாங்க உரப் பேக்குக்கு உள்ள வர்ற பொலித்தீனை வெட்டி நடுவுல கிரீஸ் பூசி ரெண்டு மடிப்பா வச்சு அது மேல வண்டிய ஏத்தினோம். நல்லா வேலை செஞ்சுச்சு, ஆனா கிரீஸ் நான் கட்டியிருந்த சாரம் வரைக்கும் வந்துருச்சு.

இப்ப நூல். வண்டிக்கு ரெண்டு பக்கமும் வீல் நடு உயரத்துல, முன் பம்பருக்கு முன்னால இருந்து பின் பம்பருக்குப் பின்னால வரைக்கும் நைலோன் நூல் இழுத்துக் கட்டுறது. பெயின்ட் வாளியில கொங்கிறீட் போட்டு நட்ட கம்பி நாலு ஸ்டோர்ல கிடந்துச்சு, அதுல கட்டினோம். இங்கதான் நான் முதல் பிழை விட்டேன். நூலை பின் வீல்லயும் முன் வீல்லயும் ஒரே தூரம் வர்ற மாதிரி வச்சு, ஆகா நேரா இருக்குன்னு சந்தோசப்பட்டேன். மாமா கேட்டாரு, "முன்னுக்கு அகலமும் பின்னுக்கு அகலமும் ஒன்னுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" கணக்கா பல வண்டிகள்ல முன் வீல் ரெண்டுக்கும் உள்ள இடைவெளியும் பின் வீல் ரெண்டுக்கும் உள்ள இடைவெளியும் சில மில்லிமீட்டர் வித்தியாசமா இருக்கும். ஆகையால வீலுக்கும் நூலுக்கும் உள்ள தூரம் முன்னும் பின்னும் ஒன்னா இருக்கணும்னு இல்லை. முன்னால இடதும் வலதும் ஒன்னா இருக்கணும், பின்னால இடதும் வலதும் ஒன்னா இருக்கணும், அதோட ரெண்டு நூலுக்கும் நடுவுல உள்ள தூரம் முன் முனையிலயும் பின் முனையிலயும் ஒன்னா இருக்கணும். இந்த மூணையும் ஒரே நேரத்துல கொண்டு வர்றதுக்குள்ள ஒரு பிளேன்டீ ஆறிப் போயிரும். ஒன்னை நகத்தினா இன்னொன்னு மாறும். பொறுமை இல்லாதவங்க இதைத் தொடாதீங்க.

நூல் சரியானதும் ஸ்டியரிங்க நேரா வச்சு, சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவுல ஒரு கட்டைய முட்டுக் குடுத்து அசையாம கட்டிட்டு, ஒவ்வொரு முன் வீல்லயும் ரிம்மோட முன் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம், பின் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம் ரெண்டையும் இரும்பு அடிமட்டத்தால அளக்குறது. முன் விளிம்பு தூரம் கூட இருந்தா வீல் உள்பக்கம் பாக்குது, டோ இன். குறைவா இருந்தா டோ அவுட். ரிம்ல அளந்தா டயர்ல அளக்குறதை விட எண் சின்னதா வரும், ஏன்னா விட்டம் குறைவு, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. என் டயர் விட்டத்துக்கு 1 மில்லிமீட்டர்ங்குறது 0.1 டிகிரிக்குக் கிட்ட. அடிமட்டத்துல அரை மில்லிமீட்டர் வரைக்கும் நல்லா பாக்கலாம், அப்ப டோவைப் பொறுத்தவரைக்கும் நூலும் அடிமட்டமும் விளையாட்டுச் சாமான் இல்லை.

அளந்தேன். டயர் கணக்குக்கு மாத்தினா மொத்தம் 4 மில்லிமீட்டர் டோ அவுட். திரும்ப ஒருக்கா உறுதிக்கு அளந்தேன், 7. மறுபடி, 5. எனக்கு தலை சுத்திருச்சு. மாமா நூலைக் குறை சொல்லல, என்னையும் குறை சொல்லல. "எண்ணு மாறுதுன்னா வீல் மாறுது தம்பி"ன்னுட்டு முன் பக்கத்தை ஜெக் போட்டுத் தூக்கி, இடது வீலை மூணு மணி ஒன்பது மணி முள்ளு இருக்கிற இடத்துல ரெண்டு கையாலயும் பிடிச்சு உள்ளயும் வெளியயும் ஆட்டினாரு. டக் டக். என்னைய அடியில கையை விட்டு டை ரொட் என்ட்டைத் தொட்டுக்கிட்டே இருக்கச் சொன்னாரு, அதாவது ஸ்டியரிங்ல இருந்து வந்து வீலைத் திருப்புற கம்பியோட முனையில உள்ள பந்து மூட்டு. விரல்லயே தெரியுது, பந்து உள்ள ஆடுது, ரப்பர் கிழிஞ்சு தண்ணி போயி துரு.

அப்பதான் எனக்கு அந்தப் பச்சைப் பேப்பர் விளங்குச்சு. ரொட் என்ட் ஆடுற வண்டிய எந்த மிஷின்ல ஏத்தினாலும் அந்த நிமிசத்துல வீல் எங்க நிக்குதோ அதைத்தான் காட்டும். மிஷின் பொய் சொல்லல. மிஷின்ல ஏத்துறதுக்கு முந்தி வீலை ஒருக்கா ஆட்டிப் பாக்காத கைதான் பிழை. சித்திரையிலயே அது ஆடிச்சா பிறகு குழியில விழுந்து போச்சாங்குறது எனக்குத் தெரியாது, ஆனா அன்னைக்கு யாரும் ஆட்டிப் பாக்கல, அது மட்டும் பக்கத்துலயே நின்ன எனக்கு நல்லா ஞாபகம்.

அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள ஹட்டன்ல ரெண்டு பக்க ரொட் என்ட்டும் வாங்கிட்டு வந்தேன். கழட்டும்போது ஒரு விசயம், பழைய என்ட் எத்தனை சுத்துல கழண்டு வருதுன்னு எண்ணி எழுதி வச்சுட்டு புதுசை அதே சுத்துக்குப் பூட்டுங்க, அப்ப டோ ரொம்ப தூரம் ஓடாது. நட் கழண்டுறாம குத்தி வளைக்கிற ஸ்பிளிட் பின் புதுசு போடுங்க, பழசையே நிமித்தி மாட்டாதீங்க, ஸ்டியரிங் சங்கதி அது. இன்னொன்னு, ஜெக்கை மட்டும் நம்பி அடியில போகாதீங்க. மலையில நாம டயருக்குப் பின்னால கல்லு வச்சே பழகினவங்க, கல்லு உருளும், ஆப்பு மாதிரி வெட்டின டர்பன்டைன் மரக்கட்டை நல்லது, வண்டிய ஸ்டாண்ட்ல இறக்கிட்டுத்தான் உள்ள படுக்கணும்.

புது என்ட் போட்டு இறக்கி உடனே அளந்தா கண்டபடி எண் வந்துச்சு. இது என் ரெண்டாவது பிழை. ஜெக்ல தூக்கி இறக்கினா வண்டி உடனே பழைய உயரத்துக்கு இறங்காது, டயர் உள்பக்கம் பிடிச்சுக்கிட்டு நிக்கும். முன்னும் பின்னும் ரெண்டு மூணு மீட்டர் தள்ளி, பம்பரைப் பிடிச்சு நாலு தரம் அமுக்கி விட்டுட்டு அளக்கணும். அப்படிச் செஞ்சதும் மொத்தம் 5 டோ அவுட், திரும்ப அளந்தாலும் 5, மறுபடியும் 5. மூணு தரம் ஒரே எண் வந்தப்ப கிடைச்ச சந்தோசம் இருக்கே, சம்பளம் கூடின மாதிரி.

இப்ப எங்க கொண்டு போய் நிறுத்துறது? அவங்கவங்க வண்டி மெனுவல்ல உள்ளதுதான் சட்டம். பொதுவா முன் வீல் இழுக்கிற சின்ன கார்களுக்கு பூச்சியத்துக்குக் கிட்டதான் சொல்லியிருப்பாங்க, பின் வீல் தள்ளுற வண்டிகளுக்கு கொஞ்சம் டோ இன் கேப்பாங்க, ஓடும்போது முன் வீல் பின்னால தள்ளுப்பட்டு வெளிய விரியும்ங்குறதால. நான் 1 மில்லிமீட்டர் டோ இன்னுன்னு வச்சுக்கிட்டேன். அப்ப மாத்த வேண்டியது மொத்தம் 6, ஒரு பக்கத்துக்கு 3. என் வண்டியில கால் சுத்துக்கு ஒரு வீல்ல ஒன்றரை மில்லிமீட்டர் கிட்ட மாறுது, ஆக ரெண்டு பக்கமும் அரைச் சுத்து. டை ரொட் வீல் நடுவுக்குப் பின்னால இருந்தா ரொட்டை நீட்டினா டோ இன், முன்னால இருந்தா நேர் எதிர், திருப்புறதுக்கு முந்தி குனிஞ்சு ஒருக்கா பாத்துக்கோங்க. ரொட்டைத் திருப்பும்போது ஸ்டியரிங் ரெக்ல உள்ள ரப்பர் பூட் சேந்து முறுக்கிக்கும், கிளிப்பைத் தளத்தி விடணும்.

வலது பக்கம் ரொட் திரும்பாம இறுக்கிப் பிடிக்கிற லொக் நட் அசையவே இல்லை. துரு. என்ட் மாத்தும்போது சின்ன லூசு குடுத்துச்சு, பிறகு நான் இறுக்கினதுல திரும்ப உக்காந்துருச்சு. பொழுதும் சாயுது, மூடுபனி இறங்குது. எனக்கு அவசரம். மொத்தம்தானே 6, இடது பக்கமே ஒரு முழு சுத்து திருப்பிட்டா சரிதானேன்னு திருப்பிட்டேன். மாமா "வேணாம் தம்பி"ன்னாரு, கேக்கல. அளந்தா மொத்தம் 1 டோ இன், கச்சிதம்.

திங்கக்கிழமை காலையில வீட்டம்மா கேட் தாண்டி நூறு மீட்டர் போகல, போன். "ஏங்க, வண்டி அலையல, ஆனா நேரா போகும்போது ஸ்டியரிங் கோணலா இருக்குங்க." ஸ்டியரிங் ரெண்டு விரல் அகலத்துக்கு ஒரு பக்கம் திரும்பி நிக்குது. ஒரு பக்கமே திருப்பினா அப்படித்தான் ஆகும், வண்டி ரெண்டு வீலுக்கும் பங்கு போட்டுக்கிட்டு நேரா போகும், ஸ்டியரிங் மட்டும் சாஞ்சு நிக்கும். டயர் தேயாது. ஆனா ஓட்டுறவங்களுக்கு அது தலைவலி. ஒரு கிழமை முழுக்க அதைக் கேட்டேன். அடுத்த ஞாயிறு வலது நட்டுல ராத்திரியே டீசல் ஊத்தி வச்சு காலையில தட்டித் தட்டி அசைச்சு, இடது பக்கம் அரைச் சுத்து திரும்ப எடுத்து, வலது பக்கம் அரைச் சுத்து குடுத்தேன்.

ஓட்டிப் பாக்க நேர் ரோடு வேணுமே, அதுக்கும் மலையில பஞ்சம். நுவரெலியாவுல ஒரு கல்யாணத்துக்குப் போனப்ப கிரகரி வாவிக்குப் பக்கத்துல கொஞ்சம் மட்டமா கிடைச்சுச்சு, அங்க கையை லேசா விட்டுப் பாத்தோம், மெதுவா இடது பக்கம் போகுது. பயந்துறாதீங்க, நாம இடது பக்கம் ஓட்டுற நாடு, ரோடு தண்ணி வடியிறதுக்காக நடுவுல உயந்து ஓரத்துக்கு சரிஞ்சிருக்கும், அதால மெல்ல இடதுக்கு ஒதுங்கத்தான் செய்யும். சட்டுன்னு இழுத்தாதான் பிரச்சினை.

அதுக்குப் பிறகும் எனக்குச் சந்தேகம் தீரல, அதால இன்னொரு கடைக்குப் போனேன், 2,500 ரூபா. இந்தக் கடையில இருந்த பையன் வேற மாதிரி. முதல்ல காத்துப் பாத்தான், பிறகு நாலு வீலையும் தூக்கி ஆட்டிப் பாத்தான், கிளாம்ப் மாட்டுறதுக்கு முந்தி ரிம் விளிம்புல ஒட்டியிருந்த சேத்தைத் துடைச்சான், மாட்டின பிறகு வண்டிய முன்னும் பின்னும் உருட்டி ரிம்முல உள்ள கோணலை மிஷினுக்குக் காட்டிக் குடுத்தான், பிரேக்கை அமுக்கி அப்படியே நிக்க ஒரு கம்பு முட்டுக் குடுத்தான். நான் எலைன்மன்ட் கடைய எப்படி எடை போடுறதுன்னு கத்துக்கிட்டது அந்த இருபது நிமிசத்துலதான். மொத்த டோ 0.08 டிகிரி உள்பக்கம்னு காட்டுச்சு. என்னோட 1 மில்லிமீட்டர் 0.1க்குக் கிட்ட. அதைப் பாத்ததும் அந்தப் பையன்கிட்ட நூல் கதையைச் சொல்லிட்டேன், அவன் நம்பல.

ஆனா அடுத்த வரிய அவன்தான் எனக்குக் காட்டினான். கெம்பர் வலது மைனஸ் 0.2, இடது மைனஸ் 1.1. "சேர், இடது பக்கம் பலமா ஏதோ அடிச்சிருக்கு, ஸ்ட்ரட் லேசா வளைஞ்சிருக்கும்." பழைய டயர் ரெண்டுல இடது டயர் மட்டும் உள்பக்கம் இன்னும் அதிகமா தேஞ்சு இருந்துச்சு, நான் அதைப் பாத்தும் ரொட் என்ட் ஆடினதாலன்னு முடிவு கட்டி விட்டுட்டேன். என் நூல் அதைச் சொல்லியிருக்காது. போன்ல லெவல் அப் போட்டு நேர்பலகை ஒன்னை ரிம்ல சாத்தி கெம்பர் பாக்கலாம்தான், இடது வலது வித்தியாசம் பெரிசா இருந்தா பிடிபடும், நான் பாக்கவே இல்லை. காஸ்டருக்கு அந்த வழியும் இல்லை, வீலை ரெண்டு பக்கமும் கணக்கா இத்தனை டிகிரின்னு ஒடிச்சு அளக்கணும், அது சுத்துற தட்டு இல்லாம என்னால ஏலாது.

அதனால இப்ப என் வழக்கம் இதுதான்: ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா டயரைத் தடவிப் பாக்குறேன், வீலை ஆட்டிப் பாக்குறேன், மாரிக்குப் பிறகு ஒருக்கா டோ அளக்குறேன். நூல் கட்டாமலே செய்யிற சுருக்க வழி ஒன்னு இருக்கு: முன்னால தூக்கி டயரைச் சுத்த விட்டு நடுவுல ஆணியால ஒரு மெல்லிய கோடு கீறிக்கிட்டு, இறக்கி உருட்டி அமுக்கி விட்டுட்டு, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல உள்ள தூரத்தை டயருக்கு முன்னால ஒருக்கா, அளந்த அதே இடம் பின்னால வர்ற மாதிரி டயர் அரைச் சுத்து சுத்துற அளவுக்கு வண்டிய உருட்டி பின்னால ஒருக்கா, தரையில இருந்து ஒரே உயரத்துல அளக்குறது. ரெண்டு பேர் வேணும், மகனைக் கூப்பிட்டா போதும். பின்னால இடைவெளி கூட இருந்தா டோ இன். மொத்த டோ மட்டும் தெரியும், எந்தப் பக்கம் பிழைன்னு தெரியாது. அளவு மாறியிருந்தா முதல்ல ஏன் மாறுச்சுன்னு தேடுவேன், ஸ்பேனரை எடுக்க மாட்டேன். ரொட் என்ட் மாத்தினா தற்காலிகமா நானே டோ வச்சுட்டு ஹட்டன் போற நாள்ல கடையில பாத்துக்குறது. ஸ்ட்ரட், லோவர் ஆர்ம் மாத்தினாலும், பலமா ஏதாச்சும் அடிபட்டாலும், நேரா கடை. ஸ்டியரிங் ஆங்கிள் சென்சர் உள்ள புது வண்டிகள் வச்சிருக்கிறவங்க நூலை அளக்க மட்டும் பாவிங்க, திருப்பினா சென்சரைத் திரும்பப் பழக்கணும், அதுக்கு ஸ்கேனர் வேணும்.

காசு கணக்குல நாமளே அளந்து செய்யிறது மலிவான்னு கேட்டா, மூணு ஞாயித்துக்கிழமை, ஒரு சாரம், மாமாவுக்கு ஒரு நல்ல சாப்பாடு, அதெல்லாம் சேத்தா கடைதான் மலிவு. ஆனா 2020 மார்ச்சுல வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டாங்க, அந்த இடைப்பட்ட காலத்துல பழைய வண்டிய மாத்த வழி இல்லாம ஓட்டிக்கிட்டு இருந்த எங்களுக்கு ஒரு டயர்ங்குறது சின்ன விசயம் இல்லை. ஸ்டியரிங் அலையுதுன்னு வீட்டம்மா சொன்ன அன்னைக்கே வீலை ஆட்டிப் பாத்திருந்தா ரெண்டு டயர் மிஞ்சியிருக்கும்.

ஸ்ட்ரட் இன்னும் மாத்தல. நல்ல பாவிச்சதா ஒன்னு கிடைச்சா சொல்றேன்னு கம்பளைப் பக்கம் ஒருத்தர் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் இடது டயரை மட்டும் மாசா மாசம் ஸ்டியரிங்க ஒடிச்சு வச்சு உள்பக்கம் பாத்துக்கிட்டு இருக்கேன். ஸ்டியரிங் இப்பவும் ஒரு நூல் அளவு இடது பக்கம் சாஞ்சுதான் நிக்குது, வர்ற ஞாயிறு அதையும் எடுத்துறட்டுமான்னு கேட்டேன். "நீங்க தொடாதீங்க, நான் பழகிக்கிட்டேன்"னுட்டாங்க.